பழைய டெஸ்க்டாப்புக்குக் குறைந்த செலவில் வைஃபை, புளூடூத்: டாங்கிளா, கார்டா?

மாடியறை (கேள்வி)

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் வைஃபையும் இல்லை, புளூடூத்தும் இல்லை. இதுவரை லேன் கேபிளில் ஓடியது. இப்போது கணினியை மாடிக்கு மாற்றுகிறோம். ரவுட்டர் கீழே ஹாலில்தான் இருக்கும். நடுவில் ஒரு கான்கிரீட் தளம், ஒரு செங்கல் சுவர்.

ஹெச்81 சிப்செட் மதர்போர்டு, 4-ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-உம் லினக்ஸ் மின்ட் 22-உம் இரண்டும் இருக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று மாட்டியிருக்கிறது; அது தடிமனாக இருப்பதால் அடியில் உள்ள சின்ன ஸ்லாட்டை மறைத்துவிட்டது. இன்னொரு சின்ன ஸ்லாட் காலியாக இருக்கிறது. ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ். ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு.

புளூடூத் ஹெட்ஃபோனும் கீபோர்டும் இணைக்க வேண்டும். 1500 ரூபாய் மனதில் இருக்கிறது, அவசியம் என்றால் 2000 வரை போகலாம். கடையில் கேட்டால் யூஎஸ்பி போர்ட்டில் சொருகும் 300 ரூபாய் டாங்கிளே போதும் என்கிறார்கள். எது சரி?

---

ஈயப்பற்று

உங்கள் தேவைக்கு மதர்போர்டின் ஸ்லாட்டில் மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுதான் சரி. காலியாக இருக்கும் அந்தச் சின்ன ஸ்லாட்டே போதும். ஹெச்81-இல் அது இரண்டாம் தலைமுறை ஸ்லாட். அதன் ஒரே தடத்தில் நொடிக்கு 500 மெகாபைட் போகும். உங்கள் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான். எனவே பழைய போர்டு வேகத்தைக் குறைக்குமோ என்ற கவலை வேண்டாம்.

300 ரூபாய் டாங்கிள்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஒரே ஆன்டெனா, பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அது ரேடியோ இணைப்பின் உச்ச வேகம். கையில் கிடைப்பது நல்ல சூழலிலேயே ஏறக்குறைய பாதி. அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அதே 2.4-இல் கூடியிருக்கும் தெருவில் இன்னும் குறையும். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது என்பதால் ஹெட்ஃபோனில் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றின் வழியில் ஒன்று நிற்காது. அதனால் எதை வாங்கினாலும் 2.4, 5 இரண்டும் உள்ள டூயல் பேண்டாக வாங்குங்கள்.

கார்டு என்று கடையில் கிடைப்பது உண்மையில் இரண்டு பொருள்: லேப்டாப்பில் வரும் சின்ன எம்.2 வைஃபை மாட்யூல், அதைத் தாங்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர். மாட்யூலில் இன்டெல் ஏஎக்ஸ்200 இருந்தால் போதும். வைஃபை 6, புளூடூத் 5.2 இரண்டும் வந்துவிடும். ஏஎக்ஸ்210-இன் கூடுதல் சிறப்பு 6 கிகாஹெர்ட்ஸ். விண்டோஸில் அது 11-இல்தான் வேலை செய்யும். உங்கள் 4-ஆம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அந்த வித்தியாசப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, 9560 என்ற எண்களில் மாட்யூல் மலிவாகக் கிடைக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் வேலை செய்யாது. இவை சிஎன்விஐ வகை. வைஃபையின் பாதி வேலையைப் புதிய இன்டெல் சிப்செட்டுக்குள் வைத்துவிட்டு, மீதிப் பாதியை மட்டும் மாட்யூலில் வைத்திருப்பார்கள். ஹெச்81-இல் அந்தப் பாதி கிடையாது. ஏஎம்டி போர்டுகளிலும் இல்லை.

மாட்டும் முறை: கணினியை அணைத்து, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்னால் உள்ள ஸ்விட்சையும் அணைத்து, மின் கம்பியை உருவுங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு கார்டைக் கையில் எடுங்கள். ஸ்லாட்டுக்கு நேரே உள்ள தகட்டை எடுத்துவிட்டு, கார்டை நேராக அழுத்தி ஸ்க்ரூ போடுங்கள்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் கேபினட்டை மூடிவிடுகிறார்கள். இந்தக் கார்டுகளில் வைஃபை மட்டும்தான் ஸ்லாட் வழியாகப் போகிறது. புளூடூத் யூஎஸ்பி வழியாகப் போகிறது. பெட்டியில் ஒரு சின்னக் கேபிள் இருக்கும். அதன் ஒரு முனை கார்டில், மறுமுனை மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடரில் (கேபிள் சொருகும் பின்களின் தொகுப்பு). போர்டின் அடிவிளிம்பில் எஃப்_யூஎஸ்பி அல்லது ஜேயூஎஸ்பி என்று அச்சிட்டிருக்கும். இந்தக் கேபிள் இல்லாவிட்டால் வைஃபை அருமையாக வரும், டிவைஸ் மேனேஜரில் புளூடூத் என்ற வரியே இருக்காது.

---

ரேவதி_க

கார்டுதான் நல்லது, மறுக்கலை. ஆனா மாடிக்கும் கீழுக்கும் நடுவுல தளம் இருக்குன்னா ஆன்டெனா எங்க இருக்குங்கறதுதான் முதல் கேள்வி. கார்டோட பின்னாடியே நேரா திருகுற ரெண்டு குச்சி ஆன்டெனா, உலோகக் கேபினட்டுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கும். முன்பக்கம் முழுக்கக் கேபினட்டே மறைச்சிடும். அதனால கேபிளோட வர்ற, அடியில காந்தம் இருக்கற ஆன்டெனாவா பார்த்து வாங்குங்க. மேசை மேலயோ கேபினட் உச்சியிலயோ வச்சுக்கலாம். சிக்னல் அளவு அங்கயே நல்லா மாறும்.

ரெண்டு ஆன்டெனாவையும் கட்டாயம் மாட்டணும். ஒண்ணுதான் மாட்டுவேன்னா வைஃபை வேகம் பாதியாகும். விட்டது புளூடூத்தும் பகிர்ந்துக்கற முனையா இருந்துட்டா கீபோர்டு ரெண்டடி தள்ளினாலே துண்டிச்சுக்கும்.

கேபினட்டைத் திறக்கவே தயக்கம்னா டாங்கிள் வழியும் மோசமில்லை. அப்போ ஏசி600 வகை டூயல் பேண்ட் டாங்கிள் எடுங்க. 5 கிகாஹெர்ட்ஸ்ல இணைப்பு வேகம் 433, கைக்கு வர்றது 200 பக்கம். உங்க 100-க்குத் தாராளம். வைஃபையும் புளூடூத் 4.2-உம் ஒரே டாங்கிள்ல வர்ற டிபி-லிங்க் ஆர்ச்சர் டி2யூபி நானோ மாதிரியும் இருக்கு. ஆனா நகம் அளவு டாங்கிள்ல ஆன்டெனாவும் நகம் அளவுதான். தளத்தைத் தாண்டணும்னா நீள ஆன்டெனா வச்ச டாங்கிளும், தனியா ஒரு புளூடூத் 5.0 டாங்கிளும் வாங்கறது மேல்.

எந்த டாங்கிளா இருந்தாலும் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்துல சொருகாதீங்க. யூஎஸ்பி 3.0 ஓடும்போது வெளியாகற ரேடியோ இரைச்சல் சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும்; இன்டெல்லே 2012-ல இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கு. வெளி ஹார்டு டிஸ்க்ல காப்பி ஓடும்போது மட்டும் மவுஸ் திக்கித் திக்கிப் போகுதுன்னா காரணம் இதுதான். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மேசை மேல வச்சிடுங்க, தீர்ந்தது.

---

பென்குயின்_வளர்ப்பவர்

லினக்ஸ் மின்ட்டும் இருப்பதால் சில வார்த்தைகள். ஏஎக்ஸ்200-க்கு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 5.1 பதிப்பு முதலே டிரைவர் உள்ளேயே இருக்கிறது. மின்ட் 22-இல் இருப்பது கெர்னல் 6.8. மாட்டினால் தானாக வந்துவிடும், எதையும் நிறுவ வேண்டாம்.

டாங்கிள்களில்தான் சிக்கல். பெட்டியின் மேல் இருக்கும் மாடல் பெயரை நம்ப முடியாது, ஒரே பெயரில் வெவ்வேறு சிப் வைத்து வெவ்வேறு பதிப்பு வரும். சிப் பெயரைப் பார்க்க வேண்டும். ரியல்டெக் 8821சியூ, 8822பியூ போன்றவை கெர்னல் 6.2 முதல் நேரடியாக ஆதரவு பெற்றவை. பழைய சிப்களுக்கு இணையத்தில் டிரைவர் மூலநிரலை எடுத்துத் தொகுக்கச் சொல்வார்கள். அது ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பிலும் உடையக்கூடியது. என் வாக்கு அதற்கு இல்லை.

சில டாங்கிள்கள் சொருகியதும் சிடி டிரைவ் போலத் தெரியும், விண்டோஸ் டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும். லினக்ஸில் அது சிடி நிலையிலேயே நின்றுவிட்டால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பொதியை நிறுவ வேண்டும்.

இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் சந்திக்கும் பிரச்சினை வேறு. விண்டோஸில் ஹெட்ஃபோனை இணைத்துவிட்டு மின்ட்டுக்குப் போய் இணைத்தால், திரும்ப விண்டோஸில் இணையாது. கார்டின் முகவரி இரண்டிலும் ஒன்றே. ஹெட்ஃபோன் அந்த முகவரிக்கு ஒரே ஒரு சாவியைத்தான் (இணைக்கும்போது உருவாகும் ரகசிய எண்) நினைவில் வைக்கும், கடைசியாக இணைத்ததே நிலைக்கும். முதலில் மின்ட்டில் இணைத்து, பிறகு விண்டோஸில் இணைத்து, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) உள்ள சாவியை எடுத்து மின்ட்டின் புளூடூத் கோப்பில் எழுதினால் இரண்டிலும் வேலை செய்யும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் ஒரு சாதனத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான். கார்டு பாதி நிலையில் நின்று, மின்ட்டில் வைஃபையோ புளூடூத்தோ எழாமல் போகும்.

---

மாடியறை

மூவருக்கும் நன்றி. ஏஎக்ஸ்200, காந்த அடி ஆன்டெனா என்று முடிவு செய்துவிட்டேன். கேபினட்டைத் திறந்து பார்த்தேன்: யூஎஸ்பி 2.0 ஹெடர் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் முன்பக்க யூஎஸ்பி, மற்றொன்றில் மெமரி கார்டு ரீடர். காலி இல்லை. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போடலாமா?

---

ஈயப்பற்று

சாதாரண ஒய் கேபிள் வேண்டாம். யூஎஸ்பியில் ஒரு போர்ட்டின் இரண்டு டேட்டா கம்பிகளில் ஒரே ஒரு சாதனம்தான் இருக்க முடியும். இரண்டைச் சேர்த்துக் கட்டினால் இரண்டுமே வேலை செய்யாது. உள்ளே சிப் வைத்த ஹப் வகைப் பிரிப்பான் இருக்கிறது, அது வேலை செய்யும்.

ஆனால் அதற்கு முன் கார்டு ரீடரின் பிளக்கைப் பாருங்கள். 9 பின் ஹெடர் என்பது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி போர்ட். ஒரு வரிசை ஒரு போர்ட். ரீடர் ஒரு வரிசையை மட்டும் பயன்படுத்தினால் மறுவரிசை காலிதான். புளூடூத் கேபிளின் முனை ஒற்றை வரிசையாக இருந்தால் அங்கே உட்காரும். பின்களின் வரிசை சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு: 5 வோல்ட், டேட்டா மைனஸ், டேட்டா பிளஸ், கிரவுண்ட். சிவப்பு முனை, பின் இல்லாத மூலைக்கு எதிர்ப்பக்கத்தில் வர வேண்டும். திருப்பிப் போட்டால் 5 வோல்ட் தவறான இடத்தில் ஏறி மாட்யூல் கருகிவிடும். வண்ணத்தை மட்டும் நம்பாமல் போர்டின் கையேட்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதுவும் இயலாவிட்டால் 9 பின்னிலிருந்து சாதாரண யூஎஸ்பி பிளக்குக்கு மாற்றும் கேபிள் இருக்கிறது. ஒரு வெற்று ஸ்லாட் தகட்டின் வழியாக வெளியே எடுத்து, பின்பக்கப் போர்ட்டில் சொருகலாம். அழகில்லை, ஆனால் குறை ஒன்றும் வராது.

---

மாடியறை

ரீடரை எடுத்துவிட்டேன், அது பயன்பட்டதே இல்லை. கார்டு மாட்டியாயிற்று. மின்ட்டில் இரண்டும் உடனே வந்துவிட்டன. விண்டோஸ் 10-இல் வைஃபைக்கே டிரைவர் இல்லை, இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது? இன்னொன்று: மின்ட்டில் ஹெட்ஃபோனில் பாட்டு நன்றாக இருக்கிறது, வீடியோ மீட்டிங் தொடங்கியதும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது. கார்டில் குறையா?

---

ரேவதி_க

டிரைவருக்கு உங்க மொபைலே போதும். யூஎஸ்பி கேபிள்ல கணினியோட இணைச்சு, மொபைல்ல யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்க. விண்டோஸ் அதை லேன் கார்டா எடுத்துக்கும். மொபைல் வைஃபைல இருந்தா டேட்டாவும் செலவாகாது. இன்டெல் தளத்துல வைஃபைக்கு ஒரு டிரைவர், புளூடூத்துக்கு ஒரு டிரைவர்னு தனித்தனியா இருக்கும். ரெண்டையும் 64 பிட்ல இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஏஎக்ஸ்200-க்கு 32 பிட் டிரைவர் கிடையாது, அதையும் பார்த்துக்கோங்க.

டிரைவர் போட்ட கையோட டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்டோட ஹார்டுவேர் ஐடியைப் பாருங்க. 8086-உம் 2723-உம் இருந்தா அசல் ஏஎக்ஸ்200. வேற எண் வந்தா ஸ்டிக்கர் மட்டும்தான் ஏஎக்ஸ்200, திருப்பிக் கொடுத்துடுங்க.

---

பென்குயின்_வளர்ப்பவர்

ஹெட்ஃபோன் விஷயத்தில் கார்டில் குறை இல்லை, விண்டோஸிலும் இதேதான் நடக்கும். பாட்டு கேட்கும்போது ஏ2டிபி என்ற முறை: ஸ்டீரியோ, ஒரே திசை. மைக்கைத் திறந்த உடனே ஹெச்எஃப்பி முறைக்கு மாறும்: மோனோ, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம். ஒலி மட்டமாவது அங்கேதான்.

தீர்வு மைக்கைப் பிரிப்பது. மீட்டிங் செயலியின் அமைப்பில் ஸ்பீக்கருக்கு ஹெட்ஃபோனையும், மைக்குக்கு வெப்கேமின் மைக்கையோ முன்பக்கத் துளையில் சொருகும் சாதாரண மைக்கையோ தேர்ந்தெடுங்கள். மின்ட்டில் ஒலி அமைப்புக்குப் போய் ஹெட்ஃபோனின் ப்ரொஃபைலை ஏ2டிபி என்று நிறுத்தியும் வைக்கலாம்.

கீபோர்டைப் பற்றி ஒன்று: கணினியை இயக்கியதும் வரும் பயாஸ் திரையிலும் எந்த இயங்குதளம் என்று கேட்கும் மெனுவிலும் புளூடூத் கீபோர்டு வேலை செய்யாது, ஏனென்றால் டிரைவர் அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. உங்களுக்கு அந்த மெனு தினமும் வரும். பழைய யூஎஸ்பி கீபோர்டைப் பின்னால் சொருகியே வைத்திருங்கள்.