கால் மெசின்ல கீழ நூல் கொத்தா சுத்திக்குது, அவசரம்!!

பனிமூட்டம் (சனி, காலை 6.52)
யாராச்சும் முழிச்சிருக்கீங்களா? மெசின்ல தைக்கத் தைக்க கீழ நூல் கொத்தா சுத்திக்குது. துணிய இழுத்தா வரமாட்டேங்குது, கத்தரி போட்டு வெட்டித்தான் எடுக்கிறேன். ஊசி ஒன்னும் ஒடஞ்சு போச்சு. நாளைக்கு டவுனுக்குக் கொண்டுபோக கடைப்பை தைச்சு முடிக்கணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கொழுந்துக்கூடை (7.05)
என்ன மெசின்? கையால சுத்துறதா, மிதிக்கிறதா, கரண்டா? என்ன துணி? ஊசி என்ன நம்பர்? ஒன்னுமே சொல்லலியே.

ஊவா அக்கா (7.11)
தங்கச்சி, கொத்து விழுறது தைக்க ஆரம்பிக்கிற எடத்துலயா, தையல் நெடுகவா? மொதல்ல அத சொல்லுங்க. ஆரம்பத்துல மட்டும்னா, மேல் நூல் கீழ் நூல் ரெண்டையும் ஒரு சாண் நீளத்துக்குப் பின்னால இழுத்துப் புடிச்சுக்கிட்டு மொத நாலஞ்சு தையலப் போடணும். புடிக்காம விட்டா நுனி உள்ள போய் சுத்திக்கும்.

தையல் ஆசான் (7.30)
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. கீழே கொத்தாக நிற்பது கீழ் நூல் அல்ல, மேல் நூல். மேல் நூலுக்கு இறுக்கம் இல்லாவிட்டால் அது கீழே இறங்கிக் குவியும். துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்திருப்பீர்கள். பாதம் மேலே இருக்கும்போதுதான் மேல் நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகள் விரியும், நூல் அவற்றின் நடுவே போய் உட்காரும். இது முதல் நாள் பாடம். முதல் நாள் பாடத்தையே விட்டுவிட்டுப் பை தைத்து விற்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

பனிமூட்டம் (7.41)
கால் மெசின்தான், கறுப்பு, எங்க பாட்டியோடது. துணி பழைய ஜீன்ஸ். நூல் சாதா நூல். மேல் நூலெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன் சார். நேத்து மத்தியானம் இதே மெசின்ல தலகாணி உறை தைச்சேன், ஒன்னுமே ஆகல. இப்ப ஆரம்பிச்ச ஒடனே சிக்குது. சில நேரம் நடுவுலயும் நிப்பாட்டி திரும்ப மிதிச்சா சிக்குது.

கொழுந்துக்கூடை (7.48)
அட, ஜீன்ஸா! நேத்து தலகாணி உறைன்னா மெல்லிசு துணி. இன்னிக்கு ஜீன்ஸ். ஊசிய மாத்தினீங்களா? ஊசி கவர்ல 90/14 னு ரெண்டு நம்பர் இருக்கும். 90ங்கிறது ஊசித் தண்டு 0.9 மி.மீ. தடிப்புங்கிற கணக்கு, 14 அதே அளவுக்குப் பழைய நம்பர். பருத்தித் துணிக்கு அது போதும். ஜீன்ஸுக்கு 100/16, கைப்பிடி சேர்ற எடத்துக்கு 110/18. சின்ன ஊசி தடிச்ச துணியில வளையும். வளைஞ்சா தட்டுல முட்டி ஒடையும். ஒங்க ஊசி ஒடஞ்ச காரணம் இதுதான், எழுதித் தாரேன்.

ஊவா அக்கா (7.55)
ஊசி ஒடஞ்சதுக்கு அது சரி. கொத்துக்கு அது காரணமில்ல தம்பி.

ஒன்னு செஞ்சு பாருங்க தங்கச்சி. மேல செவப்பு நூல், கீழ வெள்ள நூல் போட்டு ஒரு துண்டுத் துணியில தைங்க. கொத்து செவப்பா இருந்தா ஆசான் சொல்றதுதான். அவரு பேசுற விதத்த விடுங்க, விசயம் சரி. வெள்ளையா இருந்தா பொபின், அதான் கீழ் நூல் சுத்தின உருளை, அந்தப் பக்கம் பாக்கணும்.

புது ஊசி மாட்டும்போது தட்டைப் பக்கம் எந்தப் பக்கம்னு பாத்து மாட்டுங்க. பழைய மெசின் எல்லாம் ஒரே மாதிரி இல்ல. நீள வாய்க்கால் மாதிரி கோடு இருக்கிற பக்கத்துலருந்து நூல் உள்ள போகணும், தட்டைப் பக்கம், கீழ நூல அள்ளுற கொக்கி வர்ற பக்கமா இருக்கணும். மாத்திப் போட்டா தையல் விழாது, நூலும் அறும்.

லெச்சுமி தோட்டம் (8.20)
எனக்கென்னமோ பெல்ட்டுனு தோணுது. நம்ம பக்கத்து ஈரத்துக்கு தோல் பெல்ட் தொய்ஞ்சு போகும். மிதிச்சா கீழ் சக்கரம் சுத்தும், மேல் சக்கரம் வழுக்கும். பெல்ட்டு கிளிப்பக் கழட்டி, கொஞ்சமா வெட்டி, திரும்ப ஓட்டை போட்டு மாட்டுங்க. எங்க வீட்டுல மழ சீசன் வந்தா இதே வேல.

கொழுந்துக்கூடை (8.24)
பெல்ட்டு வழுக்கினா மெசின் நிக்கும். நூல் ஏன் சிக்குது?

லெச்சுமி தோட்டம் (8.26)
நான் அனுபவத்துல சொல்றேன். நீங்க புத்தகத்துல படிச்சத சொல்றீங்க.

நெடுந்தூரம் (8.40)
கடைப்பைக்கு ஜீன்ஸ் ஏன் கஷ்டப்பட்டு தைக்கிறீங்க? அரிசி வர்ற பிளாஸ்டிக் சாக்கு இருக்கே. கழுவிக் காயவச்சு தைச்சா தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆகாது, மரக்கறி போட அதுதான் தோது. 2017 செப்டம்பர்ல 20 மைக்ரோனுக்குக் கீழ சிலிசிலி பேக் (மெல்லிசு பொலித்தீன் பை) தடைனு சொன்னப்ப எங்க வீட்டுல அதுலதான் தைச்சாங்க.

ஊவா அக்கா (8.52)
சாக்குல தைக்கலாம். ஆனா அதுல ஊசி போட்ட ஓட்டை மூடாது. நெருக்கமா தைச்சா தபால் முத்திரைக்கு ஓட்டை போட்ட மாதிரி அந்தக் கோட்டுலயே கிழிஞ்சிரும். தையல் நீளத்த 4 மி.மீ. கிட்ட வைக்கணும், ஓரத்த ரெண்டு மடிப்பு மடிச்சுத் தைக்கணும். அயர்ன் கிட்டயே கொண்டு போகக் கூடாது, சுருண்டுரும். கைப்பிடிக்கு மட்டும் துணி நாடா போடுங்க, சாக்கு கைய அறுக்கும்.

நெடுந்தூரம் (8.55)
தடை போட்டும் கடையில அதே பேக்தானே குடுத்தான். யாரு புடிச்சா?

கொழுந்துக்கூடை (8.57)
அரசியல் வேற இழையில. இங்க ஒரு புள்ள மெசின வச்சுக்கிட்டு முழிக்குது.

டிக்கோயா பாஸ் (9.15)
நான் மெசின் ரிப்பேர் செய்யிற ஆளு. ஒருத்தரும் ஒன்ன கவனிக்கல. தங்கச்சி காலையில 6.52க்கு எழுதியிருக்கு, நேத்து மத்தியானம் நல்லா ஓடுச்சுன்னும் சொல்லியிருக்கு. மூனு கேள்வி, யோசிக்காம பதில் சொல்லுங்க.
வீடு எந்தப் பக்கம்? காலையில மிதிக்கும்போது மெசின் இறுக்கமா இருக்கா? கடைசியா என்ன எண்ணெய் விட்டீங்க?

பனிமூட்டம் (9.33)
கந்தப்பளை. ஆமா காலையில கல்லு மாதிரி இருக்கு, மிதிச்சா முன்னாடி பின்னாடி ஆடும், அப்புறம்தான் ஓடும். மாமா போன கிழமை வந்தப்ப எல்லா ஓட்டையிலயும் தேங்காயெண்ணெய் விட்டுட்டுப் போனாரு. ஏன்?

டிக்கோயா பாஸ் (9.50)
அதான் விசயம். தேங்காயெண்ணெய் ஏறக்கொறய 24 பாகையில ஒறைஞ்சிரும். நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், கந்தப்பளையும் அதே குளிர்ப் பக்கம்தான். தை மாசம் விடியக்காலையில வீட்டுக்குள்ளயே அதுல பாதிக்குக் கிட்ட நிக்கும். போத்தல்ல எண்ணெய் எப்படி இருக்குதோ மெசின் உள்ளயும் அப்படித்தான்.

இப்ப கொத்து எப்படி வருதுன்னா, கால் மெசின்ல சக்கரம் ஒங்க பக்கமாத்தான் சுத்தணும். மெசின் இறுகிக் கெடந்தா மொத மிதியில சக்கரம் பாதி வந்து திரும்பிப் பின்னால போகும். பின்னால சுத்துன அந்த அரைச் சுத்துல கொக்கி நூல தப்பா அள்ளிக் கீழ குமிச்சிரும். முன்னாடி பின்னாடி ஆடுதுனு நீங்களே எழுதியிருக்கீங்க. நிப்பாட்டி திரும்ப மிதிச்சாலும் சிக்குதுன்னதும் அதனாலதான். பகல்ல கொஞ்சம் சூடு ஏறுனா எண்ணெய் எளகும், ஓடும்.

சந்தேகம்னா நூல எடுத்துட்டு, பாதத்தத் தூக்கி வச்சு, மேல் சக்கரத்து நடுவுல இருக்கிற பெரிய திருக தளர்த்துங்க. பொபின் சுத்தும்போது தளர்த்துவோமே, அதுதான். இப்ப மிதிங்க. சக்கரம் மட்டும் லேசா சுத்தினா பெல்ட்டும் மிதியும் நல்லா இருக்குனு அர்த்தம். திருக இறுக்கினதும் கஷ்டமானா இறுக்கம் மெசின் தலையில.

லெச்சுமி தோட்டம் (9.58)
பெல்ட்டும் தொய்ஞ்சு இருக்கலாம்ல.

வலிகாமம் (10.10)
உது என்ன புதுக்கதை? நான் யாழ்ப்பாணத்தில கன காலமா மெசினுக்குத் தேங்காயெண்ணெய்தான் விடுறனான். இறுகினதும் இல்லை, நூல் சிக்கினதும் இல்லை. எண்ணெயில பிழை சொல்லாதேங்கோ. தங்கச்சி, பொபின் கேஸைக் கழட்டிப் பாருங்கோ, உள்ளுக்கை நூல் துண்டு கிடக்கும்.

கொழுந்துக்கூடை (10.14)
அண்ணே, ஒங்க ஊருல எண்ணெய் எப்ப ஒறைஞ்சிருக்கு? இங்க வந்து மார்கழி மாசம் தலைக்கு எண்ணெய் வைக்கப் பாருங்க. போத்தல அடுப்பு பக்கத்துல வச்சாத்தான் சொட்டு விழும்.

வலிகாமம் (10.21)
நான் குளிரைப் பற்றிக் கதைக்கேல்ல. எண்ணெய் எண்டால் எண்ணெய்தான் எண்டு சொல்லுறன்.

டிக்கோயா பாஸ் (10.30)
அண்ணன் சொல்றதுல ஒன்னு சரி, பொபின் கேஸக் கழட்டி நூல் துண்டு இருக்கானு கட்டாயம் பாக்கணும். ஆனா எண்ணெய் எல்லாம் ஒன்னில்ல. மெசின் எண்ணெய் கனிம எண்ணெய், தண்ணி மாதிரி இருக்கும், நம்ம குளிருக்கு ஒறையாது. தேங்காயெண்ணெய் சாப்பாட்டுக் கொழுப்பு. சூடான ஊருல உடனே தெரியாது, நாள்பட தூசியோட சேர்ந்து பிசுக்காகும். யாழ்ப்பாணத்துலருந்து வந்த மெசின்களும் என் கடைக்கு வந்திருக்கு, சொரண்டித்தான் எடுத்தேன்.

தையல் ஆசான் (10.44)
எண்ணெய், பெல்ட், சாக்கு என்று எங்கெங்கோ போகிறீர்கள். நூல் கோர்ப்பைச் சரிபார்த்தாரா என்று இன்னும் பதில் வரவில்லை.

பனிமூட்டம் (10.50)
சரிபார்த்தேன் சார். பாதத்தத் தூக்கித்தான் கோர்த்தேன். திருக தளர்த்தினா சக்கரம் லேசா ஓடுது, இறுக்கினா கஷ்டம். இப்ப என்ன செய்யிறது? மெசின் எண்ணெய் வீட்டுல இல்ல.

டிக்கோயா பாஸ் (11.02)
பழைய எண்ணெய எடுக்காம புது எண்ணெய் விட்டு பிரயோசனம் இல்ல. மண்ணெண்ணெய் இருக்குமே? அடுப்படியில வேணாம், சிகரட் ஆளுங்களையும் தள்ளிப் போகச் சொல்லுங்க, வாசல்ல வச்சு செய்ங்க. பொபின் கேஸையும் ஊசியையும் கழட்டுங்க. எண்ணெய் விடுற ஓட்டை ஒவ்வொன்னுலயும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய், கொக்கி ஓடுற வளையத்துலயும் விட்டு, வெறும் மெசின ஓட்டுங்க. மஞ்சளா, கறுப்பா அழுக்கு வடியும். துடைங்க. சுத்தமா வர்ற வரைக்கும் திரும்ப செய்ங்க. ஆனா அதோட விட்டுறாதீங்க. மண்ணெண்ணெய் அழுக்கக் கரைக்கும், மசகு கொடுக்காது. மெசின் எண்ணெய் வாங்கி விட்ட பொறகுதான் தைக்கணும். டவுன்ல தையல் சாமான் கடையில சின்ன போத்தல் கெடைக்கும். கடைசியில பழந்துணியில கொஞ்ச நேரம் தைச்சு எண்ணெய் கறை வராததப் பாத்துட்டு ஜீன்ஸ வைங்க.

கரண்ட் மோட்டர் உள்ள மெசினுக்கு இது இல்ல. வாசிக்கிற வேற யாராச்சும் போய் ஊத்திராதீங்க.

ஊவா அக்கா (11.15)
இதெல்லாம் முடியிற வரைக்கும் அவசரத்துக்கு ஒரு வழி: மொத மிதிய காலால எடுக்காதீங்க. கையால மேல் சக்கரத்த ஒங்க பக்கமா சுத்தி விட்டு, ஓட்டம் புடிச்ச பொறகு மிதிங்க.

கைப்பிடி வைக்கிற எடத்துல வாய் மடிப்பும் கைப்பிடி மடிப்பும் சேர்ந்து எட்டு மடிப்பு கூட வந்துரும். அங்க மிதிக்கவே மிதிக்காதீங்க, கையால சுத்தியே தைங்க. முன்னாடி அந்த மடிப்பப் பலகையில வச்சு சுத்தியலால தட்டுனா அமுங்கும். பாதம் மேடேறி சரிஞ்சா, அதே தடிப்புக்கு ஒரு துண்டுத் துணிய மடிச்சு பாதத்துக்குப் பின்னால வைங்க, சமமா போகும். கைப்பிடிய நேர்கோடு ஒன்னு போட்டு விட்டா தேங்கா ரெண்டு வச்சதும் பிஞ்சு வரும். சதுரமா தைச்சு, உள்ள குறுக்கும் நெடுக்குமா பெருக்கல் குறி போடுங்க.

நெடுந்தூரம் (11.20)
தேங்கா ரெண்டு வச்சா பையவிட வாங்குன ஆளுக்குத்தான் பிஞ்சு போகும், இப்ப இருக்கிற வெலைக்கு.

வலிகாமம் (11.34)
தேங்காய் விலைக்கு மெசினுக்கு விடுறது பிழை எண்டு சொல்லுங்கோ, ஒத்துக்கொள்ளுறன்.

பனிமூட்டம் (ஞாயிறு, இரவு 8.17)
ஓடுது. பையெல்லாம் முடிஞ்சு கொண்டுபோய் குடுத்துட்டேன். எல்லாருக்கும் நன்றி.

டிக்கோயா பாஸ் (8.25)
சந்தோசம். எதுல சரியாச்சுனு ஒரு வரி எழுதுங்க தங்கச்சி. மண்ணெண்ணெய் விட்டீங்களா, மத்தியானம் வரைக்கும் காத்திருந்து தைச்சீங்களா? பொறவு தேடி வர்றவங்களுக்கு ஒதவும்.

தையல் ஆசான் (8.40)
நூலை மறுபடி கோர்த்ததில் சரியாகியிருக்கும்.

லெச்சுமி தோட்டம் (8.43)
பெல்ட்ட மாத்தினீங்களானு கேளுங்க.

கொழுந்துக்கூடை (திங்கள், காலை 7.02)
தங்கச்சி ஆளக் காணோம். பை விக்கப் போயிருச்சு போல.

மஸ்கெலியா மழை (புதன், மாலை 5.48)
எனக்கும் இதே பிரச்சினை, கீழ நூல் கொத்தா வருது. மண்ணெண்ணெய் எவ்வளவு விடணும்?

டிக்கோயா பாஸ் (6.10)
ஒன்னும் விடாதீங்க. கரண்ட் மெசினா, கால் மெசினா? என்ன துணி, என்ன ஊசி, ஆரம்பத்துலயா நெடுகவா?

மஸ்கெலியா மழை (6.31)
கரண்ட்.