காற்றுப் படாத படலம்: அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த நான், லாந்தனம் நிக்கலேட் (லாந்தனம், நிக்கல், ஆக்சிஜன் சேர்ந்த சேர்மம்) மென்படலங்களின் எலெக்ட்ரான் அமைப்பை முதுகலை ஆய்வுக்காக ஆராய்ந்து வருகிறேன். ஸ்ட்ரோன்ஷியம் டைட்டனேட் படிகத்தின் மீது லேசர் துடிப்பால் படலத்தை வளர்க்கிறோம். ஆனால் அதை அளப்பதற்குத் தாய்லாந்தின் நாக்கோன் ராட்சசிமாவிலுள்ள சிங்க்ரோட்ரான் (எலெக்ட்ரான்களை வேகமாகச் சுழலவைத்துச் செறிந்த ஒளியைப் பெறும் கருவி) கூடத்திற்குக் கொண்டு செல்ல விரும்புகிறேன்.

அந்த அளவீட்டில், படலத்தின் மீது பாய்ச்சும் புற ஊதா ஒளியால் வெளியேற்றப்படும் எலெக்ட்ரான்கள் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் ஆழத்திலிருந்தே வருவதாலும், இப்படலத்தின் ஒரு படிக அலகின் உயரம் ஏறத்தாழ 0.4 நானோமீட்டரே என்பதாலும், நாம் காண்பது மேலுள்ள இரண்டு மூன்று அலகுகளை மட்டுமே. காற்றுப் பட்டு அங்கே நீராவியும் கரிமப் பொருளும் ஒட்டிவிட்டால் அளவீடு பாழாகிவிடும். வெற்றிடத்தில் சூடாக்கித் துடைக்கலாம் என்றால், நிக்கலேட் தன் ஆக்சிஜனையே இழந்துவிடுகிறது. மங்கில் வடிந்த ரப்பர் பால் உறைவதற்குள் சேகரித்துவிட வேண்டும் என்று தோட்டத்தில் பாட்டி அவசரப்படுத்துவார். எனக்கோ அந்த அவகாசம்கூட இல்லை. 10⁻⁶ டார் அழுத்தத்திலேயே (காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு), ஒட்டும் வாயு என்றால், ஏறத்தாழ ஒரு நொடியில் ஓர் அடுக்கு படிந்துவிடும்.

அயனிப் பம்பு (மின்சாரத்தால் வெற்றிடத்தைக் காக்கும் பம்பு) பொருத்திய வெற்றிடப் பெட்டியில் மாதிரிகளைச் சாலை வழியாக எடுத்துச் சென்றவர்கள் இருக்கிறீர்களா? மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கியது, தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாம் சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறக்காமலிருக்க எத்தகைய ஆவணங்களைக் காட்டினீர்கள் என்பதை அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.