நெனப்பு நின்னுட்டா ஆளும் இல்லையா?

செவ்வாப்பேட்டைக்காரன்: நேத்து ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நிக்கிறேன், ஒரே பனி, கீழ சேலம் டவுனே சுத்தமா காணோம். சேலம்னு ஒன்னு இருக்கான்னு கூட சந்தேகப்படலாம், ஆனா சந்தேகப்படுற நான் இருக்கேனான்னு மட்டும் சந்தேகப்பட முடியல. பிரெஞ்சு தத்துவஞானி டெகார்ட் 1637லயே எழுதிட்டு போனது இதுதான், நான் சிந்திக்கிறேன் அதனால இருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குற வரைக்கும் மண்டைல இதே ஓடிட்டு இருந்துச்சு.

மெய்யனூர் மாமா: ஏங்க, எனக்கு பித்தப்பை ஆபரேஷன்ல மயக்க ஊசி போட்டு பத்துல இருந்து பின்னாடி எண்ணச் சொன்னாங்க, ஏழு வரைக்கும் ஞாபகம், அப்புறம் கண்ண தொறந்தா வாயி காஞ்சு கெடக்கு, மக கைய புடிச்சுட்டு உக்காந்திருக்கா. நடுவுல கனவு கூட இல்ல. அப்ப நான் இல்லையா? வெளிய அழுதுட்டு இருந்தவகிட்ட போய் சொல்லுங்க இத.

செவ்வாப்பேட்டைக்காரன்: தலைகீழா புடிக்கிறீங்க மாமா. புகை தெரிஞ்சா நெருப்பு இருக்கு, சரி. அதுக்காக புகை இல்லைன்னா நெருப்பே இல்லைன்னு ஆயிடுமா?

மெய்யனூர் மாமா: டெகார்ட் அதோட விடலையே தம்பி. தூக்கத்துலயும் மனசு சிந்திச்சுட்டேதான் இருக்கும், நமக்குத்தான் ஞாபகம் இருக்காதுன்னு அடம் புடிச்சாரு, ஜான் லாக்னு இங்கிலாந்து தத்துவஞானி அதுக்குத்தான் மல்லுக்கு நின்னாரு. ஞாபகமே இல்லாத சிந்தனைய யாரு பாத்தா?

செவ்வாப்பேட்டைக்காரன்: சரி அங்க வழுக்கிட்டாரு, ஒத்துக்கறேன்.

மிளகுக்கொடி: ரெண்டு பேரும் அந்த 'நான்'ன எங்கருந்து புடிச்சீங்க? லிக்டன்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர், 'மின்னுது'ங்கற மாதிரி 'சிந்திக்குது'ன்னுதான் சொல்லணும்னாரு. மின்னுறதுக்கு பின்னாடி ஆளா நிக்கிறான்? காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் அடில சும்மா உக்காந்திருப்பேன், திடீர்னு சீட்டுப் பணம் கட்டலைன்னு ஞாபகம் வரும், நானா வெத்தலபாக்கு வச்சு கூப்பிட்டேன்? தமிழ்லயே பாருங்க, 'எனக்கு தோணுது'. அதா தோணுது, நான் எங்க தோண வச்சேன்.

செவ்வாப்பேட்டைக்காரன்: 'எனக்கு'ன்னு நாலாம் வேற்றுமை போட்டீங்கல்ல, வாசல்ல தொரத்திட்டு கொல்லப்பக்கமா உள்ள விட்டுட்டீங்க 'நான்'ன 😄

மிளகுக்கொடி: அதையும் எடுத்துடலாம். வீட்டுக்கு போனதும் 'பசிக்குது'ன்னுதான சொல்றோம், எந்த வீட்லயாவது யாருக்குன்னு கேட்டிருக்காங்களா?

மெய்யனூர் மாமா: ஏன் கேக்கப்போறாங்க, தட்டோட முன்னாடி நிக்கிறியே. என்னைய என் மக பாத்துட்டு இருந்தாளே, அதே கணக்குதான்.