60,000 பேர் ஊருக்குக் குப்பைத் திட்டம்: எந்த மென்பொருளில் கணக்குப் போடுவது?

ஈரக்குப்பை_27:

வணக்கம். 60,000 மக்கள்தொகை, ஏறக்குறைய 15,000 வீடுகள் உள்ள ஒரு நகராட்சிக்குத் திடக்கழிவு மேலாண்மை அறிக்கை தயாராகிறது. ஈரக்குப்பைக்கு மூன்று வழிகளை ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்:

அ) ஊருக்குள் 5 நுண்ணுர மையங்கள் (ஈரக்குப்பையை உரமாக்கும் சிறு மையங்கள்)
ஆ) ஒரே இடத்தில் பயோகேஸ் நிலையம்
இ) 28 கி.மீ. தள்ளி இருக்கும் பெரிய ஆலைக்கு லாரியில் அனுப்புவது

மூன்று மென்பொருள்களில் ஓட்டிப் பார்த்ததில் மூன்றுமே இடிக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வார்ம் என்ற உமிழ்வுக் கணக்குக் கருவியில் தோட்டக் கழிவைக் கிடங்கில் கொட்டினால் உமிழ்வு மைனஸில் வருகிறது. வண்டித் தடத்துக்கு வ்ரூம் போட்டால் ஒரே வண்டி இரண்டு மணி நேரத்தில் 600 வீடு முடிக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்ட இடத்தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய இடம் ஒரு ஏரி.

கையில் இருப்பவை: ஒரு வருட எடைமேடைப் பதிவு (சராசரி நாளுக்கு 16 டன்), பிடிஎஃப்பில் வார்டு வரைபடம், வண்டிப் பட்டியல். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்கிற மென்பொருள் ஏதாவது உண்டா?

---

தராசு:

கிடையாது சார். எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது என்பது ஒரு கணக்கு. வண்டி வேறு, இடம் வேறு, வாயு வேறு. முதல் கணக்கு தப்பினால் மற்ற மூன்றும் அழகான வரைபடத்தோடு தப்பான விடை தரும்.

உங்கள் 16 டன்னிலிருந்தே ஆரம்பிப்போம். ஆளுக்கு 350 கிராம் என்று வைத்தாலே 21 டன் வர வேண்டும். மிச்சம் 5 டன் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும், தெருமுனையில் எரிந்திருக்கும், வாய்க்காலில் விழுந்திருக்கும், மாட்டுக்குப் போயிருக்கும். கிடங்குக்கு வந்து சேர்ந்ததை மட்டும்தான் எடைமேடை எடை போடும். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் அது பாதி மழைத்தண்ணீரை எடை போடுகிறது. வருடச் சராசரி எடுத்தால் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை தனியாகவும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனியாகவும் பிரித்துப் பாருங்கள்.

வீட்டளவில் மாதிரி எடுக்க ஐ.நா. வாழ்விட அமைப்பின் 'வேஸ்ட் வைஸ் சிட்டீஸ்' கருவியில் தெளிவான முறை இருக்கிறது. மேல், நடு, கீழ் என மூன்று வருமானப் பிரிவிலும் 30 வீடு வீதம் மொத்தம் 90 வீடுகள். எட்டு நாள் பை கொடுத்து வாங்குங்கள். முதல் நாள் பையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் முந்தைய நாட்களின் சேமிப்பும் இருக்கும். மீதி ஏழு நாளையும் வீட்டுவாரியாக எடை போட்டு, பிறகு குவித்துக் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, கையாளும் அளவு வரும்வரை இதையே திரும்பச் செய்து வகை பிரியுங்கள். கடை, ஓட்டல், சந்தை, கல்யாண மண்டபம் இதில் வராது. அவற்றைத் தனியாக அளக்க வேண்டும்.

கொள்ளளவு தெரிந்த டிரம்மில் அமுக்காமல் நிரப்பி, மூன்று முறை தரையில் தட்டி அடர்த்தியையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான அறிக்கைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். வண்டி எண்ணிக்கையைத் தீர்மானிப்பதே இதுதான்.

இந்த எண்களை வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான் என்ற வரவு-போக்குக் கணக்கு மென்பொருளில் போடுங்கள், இலவசம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அளவோடு கூட்டல் கழித்தல் பிழையையும் கொடுத்தால், உள்ளே வந்ததும் வெளியே போனதும் சமமாகும்படி அதுவே சரிசெய்யும். எந்த அம்புக்குறியை அதிகமாகத் திருத்துகிறதோ அங்கே உங்கள் தரவு ஓட்டை என்று அர்த்தம். கழிவின் முழுச் சுற்றுச்சூழல் பாதிப்பையும் கணக்கிடும் டென்மார்க்கின் ஈஸ்டெக், வட கரோலினாவின் ஸ்வோல்ஃப் எல்லாம் இதற்கு அடுத்த படி. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உள்ளூர் எண் கொடுக்க முடிந்தால்தான் பயன். இல்லையென்றால் அந்த நாட்டு எண்ணை நம் ஊர் பெயரில் அச்சடித்தது போல ஆகும். என் அபிப்பிராயத்தில் உங்கள் ஊர் அளவுக்குத் தேவையில்லை.

எண் கிடைத்தபின் 'அ' வழியை இப்படிச் சோதியுங்கள். 21 டன்னில் ஈரம் 55 சதவீதம் என்றால் 11.5 டன், ஐந்து மையத்துக்கும் தலா 2.3 டன். அடர்த்தி கன மீட்டருக்கு 500 கிலோ என்றால் நாளுக்கு 4.6 கன மீட்டர். 45 நாள் மக்க விட்டால் 207 கன மீட்டர், மக்கும்போது சுருங்குவதால் சராசரியாக 0.7-ஆல் பெருக்குங்கள், 145. குவியல் உயரம் 1.2 மீட்டர் என்றால் குவியலுக்கு மட்டும் 120 சதுர மீட்டர். கிளறவும் சலிக்கவும் நடக்கவும் இன்னும் அவ்வளவு. ஒரு மையத்துக்கு ஒதுக்கிய இடம் 100 சதுர மீட்டர் என்றால் இருபதாம் நாளே பாதி மக்கியதை அள்ளி வெளியே கொட்ட வேண்டியதுதான். "மையத்தில் நாற்றம்" என்று வருகிற புகார்களில் பல இந்தப் பெருக்கலைப் போடாததால் வருபவை.

---

சந்துபொந்து:

வண்டித் தடம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

600 வீடு 2 மணி நேரத்தில் முடிகிறது என்றால் நிற்கும் நேரத்தைப் பூஜ்யமாக விட்டிருக்கிறீர்கள். பிரித்து வாங்கும்போது வீட்டுக்கு 40 நொடி வையுங்கள். 15,000 வீட்டுக்கு 167 மணி நேரம். ஒரு ஷிஃப்டில் வண்டி உண்மையில் வாங்குவது 5 மணி நேரம் என்றால் 33 வண்டி. தெருவின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவராக இரண்டு தூய்மைப் பணியாளர்கள் வாங்கினால் 17. தடத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறைத்தாலும் இந்த அளவு மிச்சம் வராது, ஏனென்றால் நேரம் போவது ஓட்டத்தில் இல்லை, நிற்பதில்.

அடுத்து பெட்டி. உலர்குப்பை 30 சதவீதம், அதாவது 6.3 டன். கன மீட்டருக்கு 100 கிலோதான் இருக்கும், எனவே 63 கன மீட்டர். ஈரக்குப்பை எடையில் கிட்டத்தட்ட இரட்டிப்பாக இருந்தும் 23 கன மீட்டர்தான். 2 கன மீட்டர் பெட்டியை நடுவில் தடுத்து இருபக்கமும் சமமாக விட்டால் உலர்பக்கம் நிரம்பும்போது ஈரப்பக்கம் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், 63 நடை ஆகும். தடுப்பை 3:1 விகிதத்துக்கு நகர்த்தினால் 46 நடை. ஒரு தகரத் தடுப்பை நகர்த்தினால் 17 நடை மிச்சம். இதை எந்த மென்பொருளும் தானாகச் சொல்லாது. எடையை மட்டும் கொள்ளளவாகக் கொடுத்தால் கண்டுபிடிக்கவும் முடியாது.

வ்ரூமில் கவனிக்க வேண்டியவை:

கொள்ளளவை மூன்று எண்ணாகக் கொடுக்கலாம்: எடை, ஈரக் கன அளவு, உலர் கன அளவு. முழு எண்தான் ஏற்கும், ஆகவே கிலோ, லிட்டர். குப்பையைப் 'பிக்கப்' என்று குறியுங்கள், 'டெலிவரி' என்று குறித்தால் வண்டி நிறைந்தே கிளம்புகிறதாகக் கணக்காகும்.

இறக்கிவிட்டுத் திரும்ப வருவது அதில் நேரடியாக இல்லை. ஒரே வண்டியை அடுத்தடுத்த நேர இடைவெளியோடு இரண்டு மூன்று வண்டியாக எழுத வேண்டும். அது பிடிக்கவில்லை என்றால் கூகிளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருளில் இறக்குமிடத்தையே நடுவில் வருகிற நிறுத்தமாக வைக்கலாம்.

இடத்தைக் குறிக்கும் எண்களில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மாற்றிக் கொடுத்தால் நம் ஊர் வண்டி ஸ்வால்பார்டு பக்கம் போய் நிற்கும்.

வீடு வீடாகப் புள்ளி வைக்காதீர்கள். 20, 30 வீட்டுக்கு ஒரு தெருத் துண்டு என்று சேர்த்து ஒரே புள்ளியாக்கி, நிற்கும் நேரத்தை அதில் ஏற்றுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் சிறு ஊர்ச் சந்துகளின் அகலம் பெரும்பாலும் பதிவாகி இருக்காது. மேஸ்திரியை உட்கார வைத்து, அச்சடித்த வரைபடத்தில் பேட்டரி வண்டி மட்டும் நுழையும் தெரு, தள்ளுவண்டி மட்டும் போகும் சந்து என்று இரண்டு நிறத்தில் கோடு போடச் சொல்லி, அதை அப்படியே ஏற்றுங்கள்.

---

புலஎண்:

ஏரி வந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது, 200 மீட்டர் விலக்கு வட்டம் போடும்போது வரைபட அடுக்கு பாகை அலகில் இருந்திருக்கும். முதலில் மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறைக்கு மாற்றுங்கள். 78 பாகைக்குக் கிழக்கே இருந்தால் 44 வடக்கு மண்டலம் (மென்பொருளில் குறியீட்டு எண் 32644), கோயம்புத்தூர்ப் பக்கம் என்றால் 43 வடக்கு (32643).

இரண்டாவது, மதிப்பெண்ணையும் விலக்கையும் கலந்திருப்பீர்கள். "நீர்நிலைக்குத் தூரம்" என்பதற்கு 15 சதவீத எடை கொடுத்தால், மற்ற 85-இல் நல்ல மதிப்பெண் வாங்கிய ஏரி ஜெயித்துவிடும். விலக்கு முதலில், அது ஆம் அல்லது இல்லை மட்டும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் நிலநிரப்பிடத்துக்கு ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கி.மீ. என்று இருந்தது. இப்போது நடப்பில் உள்ள விதியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இதில் தப்பியதற்கு மட்டும் மதிப்பெண் போட்டால் போதும். எடைகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு வாங்கினால் முரண் விகிதம் (ஒப்பீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்ற அளவு) 0.1-க்குள் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு எடையையும் கால் பங்கு ஏற்றி இறக்கியும் அதே இடம் முதலில் வந்தால் மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.

நீர்நிலைக்குச் செயற்கைக்கோள் படத்தை நம்பாதீர்கள். கோடையில் எடுத்த படத்தில் ஏரி வெறும் தரையாகத்தான் தெரியும். தாலுகா அலுவலகத்தில் நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேடும் புலப்படமும் வாங்குங்கள். மென்பொருள் "காலி அரசு நிலம்" என்று காட்டுவது பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்காகவோ வாய்க்கால் புறம்போக்காகவோ இருக்கும்.

இன்னொன்று: அதே 2016 விதிகள்படி நாளுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் நிலையத்துக்குச் சுற்றிலும் இடைவெளி மண்டலம் விட வேண்டும் என்று இருந்தது. 2.3 டன் மையங்கள் அதற்குள் வராது, 11.5 டன் பயோகேஸ் வரும். 'ஆ'வின் நிலத்தேவையில் இதைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் அது மலிவாகத் தெரியும்.

---

வாயுக்கணக்கு:

வார்ம் மைனஸ் காட்டுவது பிழை இல்லை. மக்காமல் மண்ணுக்குள் தங்கும் கரிமத்தை அது வரவாக எழுதுகிறது. அமெரிக்கச் சராசரியில் நிலநிரப்பிடங்களில் வாயு பிடிக்கும் குழாய்களும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. நம் திறந்தவெளிக் கிடங்குக்கு இரண்டுமே பொருந்தாது. டன்னும் அமெரிக்கக் குறு டன், அதாவது 907 கிலோ.

ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிமுறையை எக்செலிலேயே போடலாம். ஒரு டன் உணவுக்கழிவுக்கு: கரிமம் 0.15 × மக்கும் பங்கு 0.5 × கிடங்குத் திருத்தம் 0.8 × வாயுவில் மீத்தேன் 0.5 × 16/12 = 0.04 டன் மீத்தேன். மீத்தேனின் வெப்பமூட்டும் மடங்கான 28-ஆல் பெருக்கினால் 1.12 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 0.8 என்பது 5 மீட்டருக்கு மேல் ஆழமான மேடு. அதற்குக் குறைவு என்றால் 0.4, விடையும் பாதி. ஆக, மேட்டின் உயரத்தை அளக்காமல் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதுவதில் அர்த்தமில்லை.

மக்கும் வேகமும் ஊரைப் பொறுத்தது. ஆண்டு மழை 1,000 மி.மீ.க்கு மேல் என்றால் உணவுக்கழிவுக்கு 0.4, அதாவது ஏறக்குறைய 1.7 வருடத்தில் பாதி வாயு வெளியேறும். கீழே என்றால் 0.085, எட்டு வருடம் ஆகும். தமிழ்நாட்டில் பல ஊர்கள் இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டையும் ஓட்டுங்கள். லேண்ட்ஜெம் என்ற கிடங்கு வாயுக் கணக்குக் கருவியைப் பயன்படுத்தினால் அதன் இயல்பு எண்களான 0.05 (மக்கும் வேகம்), 170 (டன்னுக்கு மீத்தேன் கன மீட்டர்) இரண்டையும் அப்படியே விடாதீர்கள்.

உரமாக்கினால் டன்னுக்கு மீத்தேன் 4 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடு 0.24 கிலோ. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 175 கிலோ சமம். லாரிக்கு 56 கி.மீ. நடைக்கு 14 லிட்டர் டீசல், நாளுக்கு இரண்டு நடை என்றாலும் 75 கிலோ, டன்னுக்குப் பிரித்தால் 6.5 கிலோ. "தூரமாக அனுப்பினால் உமிழ்வு கூடும்" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் 1,120-க்கு எதிரே இந்த 6.5-ஐக் காட்டுங்கள். உமிழ்வை வைத்து உங்கள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. கிடங்கில் கொட்டாமல் இருப்பதில்தான் முழு லாபமும்.

---

ஈரக்குப்பை_27:

மிக்க நன்றி. அப்படியென்றால் மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டப்போவது எது? செலவா?

---

தராசு:

பிரிப்பு விகிதம். எல்லா வீடும் பிரித்துக் கொடுக்கும் என்று 100 சதவீதம் வைத்து ஒரே ஒரு ஓட்டம் ஓட்டியிருப்பீர்கள். 50-லிருந்து 90 வரை பத்துப் பத்தாக ஏற்றி மறுபடி ஓட்டுங்கள்.

60 சதவீதத்தில் பிரிந்து வருவது 6.9 டன். ஐந்து மையத்திலும் ஆள், வாடகை, மின்சாரம் அப்படியே இருக்கும், டன் செலவு 1.67 மடங்கு. பயோகேஸில் டன்னுக்கு 90 கன மீட்டர் வாயு என்று வைத்தால் 1,035 வர வேண்டியது 620 ஆகிறது, கடன் தவணை குறையாது. கரைசல் கணக்கையும் மறக்காதீர்கள்: 11.5 டன்னுக்குச் சமமாகத் தண்ணீர் சேர்த்தால் நாளுக்கு 23 கன மீட்டர், 30 நாள் தேக்கத்துக்குத் தொட்டி 690 கன மீட்டர். வெளியே வருகிற கழிவுநீரும் கிட்டத்தட்ட அவ்வளவே. வாங்க வயல் இல்லையென்றால் 'ஆ' அங்கேயே முடிந்தது.

'இ' மட்டும் படிக்கட்டு போல நகரும். 8 டன் லாரி என்றால் 11.5 டன்னுக்கு 1.44 நடை என்று எந்த லாரியும் ஓடாது. இரண்டு நடை, வருடத்துக்கு 40,880 கி.மீ. டன்-கிலோமீட்டர் விகிதம் போடும் கருவிகள் 29,400 கி.மீ. என்று காட்டும். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கலாம் என்றால் ராத்திரி முழுக்கக் கழிவுநீர் ஒழுகும். ஆனால் பிரிப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் வருவது 8 டன்னுக்குள் அடங்கி ஒரே நடை ஆகிவிடும், லாரிச் செலவு பாதி. ஆகவே குறைந்த பிரிப்பில் 'இ'யும், அதிகப் பிரிப்பில் 'அ'வும் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். சரியாக எந்த இடத்தில் மாறுகிறது என்பது உங்கள் வாடகையையும் ஆலை வாங்கும் கட்டணத்தையும் பொறுத்தது. எக்செலில் 'டேட்டா டேபிள்' போட்டால் ஐந்து நிமிட வேலை.

அறிக்கையில் அந்த மாறும் புள்ளியை எழுதி, பக்கத்தில் 90 வீட்டு மாதிரியில் கிடைத்த இன்றைய பிரிப்பு விகிதத்தையும் எழுதிவிடுங்கள். நடைக் கணக்குப் பத்தியில் மேல்வட்டமாக்கும் 'ரவுண்ட்அப்' போட மறக்காதீர்கள்.