ட்யூக் நியூகம் ஃபாரெவர்: 14 வருடத் தாமதத்துக்கு யார் பொறுப்பு?

ஒழுகினசேரி 96

ஜிடிஏ 6 கேம் பற்றிய திரியில் நடந்த பேச்சைப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். 2026 மே 26 என்று சொல்லியிருந்த தேதியை நவம்பர் 19க்குத் தள்ளியதும், அங்கே பாதிப் பேர் “தாமதமானால் நல்லதுதான், நன்றாகச் செய்துகொண்டு வரட்டும்” என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே பதறுகிறது. 18 வயதிலிருந்து 32 வயது வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாகர்கோவிலில் நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில், வகுப்பு முடிந்ததும் சார் அரை மணி நேரம் ட்யூக் நியூகம் 3டி விளையாட விடுவார். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். 1996இல் வந்த அந்த கேமுக்கு அடுத்த பாகமான ட்யூக் நியூகம் ஃபாரெவரை, அதைச் செய்த 3டி ரெல்ம்ஸ் நிறுவனம் 1997 ஏப்ரலில் அறிவித்தது. குவேக் 2 என்ஜினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) செய்கிறோம், 1998இல் வரும் என்றார்கள். 1998 ஈ3 கேம் கண்காட்சியில் டிரெய்லர் காட்டினார்கள். அது முடிந்த கொஞ்ச நாளிலேயே என்ஜினை மாற்றி அன்ரியல் என்ற வேறொன்றுக்குப் போனார்கள். 2001 ஈ3இல் இன்னொரு டிரெய்லர். அது ஒரு பத்திரிகையோடு வந்த சி.டி.யில் எனக்குக் கிடைத்தது. கீறல் விழுந்து நடுவில் நிற்கும். சி.டி.யை எடுத்து வேட்டி நுனியில் துடைத்து மறுபடி போடுவேன். லாஸ் வேகஸ் தெருவில் ட்யூக் நடந்து போகும் அந்தக் காட்சிகள் இன்றைக்கும் வரிசையாக ஞாபகம் இருக்கின்றன.

அப்புறம் ஒன்றும் இல்லை. எப்போது வரும் என்று கேட்டால் “முடிந்ததும் வரும்” என்பதுதான் பதில். 2009 மே மாதம் அணியையே கலைத்தார்கள். கியர்பாக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய் 2011 ஜூனில் வெளிவந்தது. வாங்கி விளையாடினேன். இரண்டு ஆயுதத்துக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு லெவலும் லோடாகக் காத்திருந்தே அலுத்துவிட்டது. பெண்களை வைத்து எழுதிய நகைச்சுவையில் முகம் சுளித்தேன்.

என் கருத்து இதுதான். 3டி ரெல்ம்ஸை நடத்திய ஜார்ஜ் புரூசார்டும் ஸ்காட் மில்லரும் முந்தைய கேமில் சம்பாதித்த சொந்தப் பணத்தை இதில் போட்டார்கள், 2 கோடி டாலருக்கு மேல். சொந்தப் பணம் என்பதால் “போதும், முடி” என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. வெளியீட்டு உரிமை வைத்திருந்த டேக்-டூவாலும் காத்திருக்கத்தான் முடிந்தது. 2003இல் அவர்கள் 55 லட்சம் டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். கடிவாளம் இல்லாத வேலை இப்படித்தான் ஆகும்.

குளச்சல்காரன்

//சொந்தப் பணம் என்பதால் “போதும், முடி” என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை//

அண்ணே, உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் குற்றத்தைப் பணத்தின் மேல் போடுவதை ஒப்புக்கொள்ள முடியாது. சில்க்சாங் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த டீம் செர்ரியும் முந்தைய கேமான ஹாலோ நைட் விற்ற பணத்தில்தான் வேலை செய்தார்கள். அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். விரட்டுவதற்கு ஒரு பெரிய கம்பெனி மேலே உட்கார்ந்திருக்கவில்லை. ஹாலோ நைட்டுக்கு ஒரு கூடுதல் பகுதியாகத் தொடங்கியது தனி கேமாக வளர்ந்தது. 2019 பிப்ரவரியில் அறிவித்து 2025 செப்டம்பர் 4இல்தான் வெளியிட்டார்கள். வந்த அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையே திணறியது. விலை 20 டாலர். அவர்களுக்கும்தான் கடிவாளம் இல்லை. ஏன் கெடவில்லை?

என் அப்பா வள்ளம் கட்டுகிற ஆசாரி. நான் பள்ளியில் படிக்கும்போது ஒருவர் படகு கட்டக் கொடுத்தார். அடிமரம் போட்டு, விலா வைத்து, என்ஜின் உட்காரும் இடம் வரை முடித்தாயிற்று. அந்தச் சமயத்தில் அவர் தேங்காப்பட்டணத்தில் வேறொரு படகைப் பார்த்துவிட்டு வந்து, அதே பெரிய என்ஜின் வேண்டும் என்றார். அப்பா பின்பக்கம் முழுவதையும் பிரித்தார். இரண்டு மாதம் போனது. அடுத்து மீன் போடும் அறை பெரிதாக வேண்டும். அப்புறம் முன்பக்கம் உயரமாக வேண்டும். ஓலைக் கொட்டகையில் இரண்டு ஆடி மாதம் அந்தப் படகு கிடந்தது. கடலில் கிடந்தால் பலகை ஊறி இறுகும், கரையில் கிடந்தால் காய்ந்து இடைவெளி விடும். கடைசியில் அந்த இடைவெளிகளை அடைப்பதே தனி வேலை ஆகிவிட்டது. நானே பஞ்சு திணித்திருக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் போட்டது சொந்தப் பணம் இல்லை. வட்டிக்கு வாங்கியது. கடன் கொடுத்தவர் வாரம் தவறாமல் வந்து நின்றார். அப்படியும் அவர் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்.

புரூசார்டும் அடுத்தவர் படகைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்தான். ‘தி திங்’ கேம் வந்தபோது, நம் கேமிலும் பனி லெவல் வேண்டும் என்று அவர் கேட்டதாக அங்கே வேலை செய்த ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லாஸ் வேகஸில் நடக்கிற கதைக்குப் பனி எதற்கு? தான் என்ன செய்கிறோம் என்பதில் பிடிப்பு இல்லாததுதான் கெடுத்தது.

ஒழுகினசேரி 96

தம்பி, படகுக் கதை மனதில் நிற்கிறது. ஆனால் சில்க்சாங் விதிவிலக்கு. அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் டீம் செர்ரி ஆகிவிட முடியாது.

டெட் ஐலண்ட் 2ஐப் பாருங்கள். 2014இல் அறிவித்தபோது யாகர் ஸ்டூடியோ செய்துகொண்டிருந்தது. 2015இல் அவர்களிடமிருந்து எடுத்து அடுத்து சுமோவிடம் கொடுத்தார்கள், அதற்கும் பிறகு டம்பஸ்டர் கைக்கு வந்தது. மூன்று கை மாறியது. எல்லாரும் அதைச் செத்த பிணம் என்றுதான் நினைத்தோம். ஆனால் வெளியீட்டாளர் விடவில்லை. 2023 ஏப்ரல் 28 என்று தேதி வைத்து, அதற்கும் ஒரு வாரம் முன்பே 21ஆம் தேதி வெளியிட்டார்கள். விளையாட நன்றாகவும் இருந்தது. கடிவாளம் பிடித்த கை இருந்ததால் வந்தது.

குளச்சல்காரன்

கடிவாளம் பிடித்த கை பிளட்லைன்ஸ் 2 கேமிலும் இருந்ததே அண்ணே. 2019 மார்ச்சில் அறிவித்து, 2020இல் தருகிறோம் என்று முன்பதிவுக்குப் பணமும் வாங்கினார்கள். 2020 ஆகஸ்டில் கதை எழுதிய பிரையன் மிட்சோடாவையே வெளியே அனுப்பினார்கள். 2021இல் அதைச் செய்துகொண்டிருந்த ஹார்ட்சூட் லேப்ஸிடமிருந்து கேமைப் பிடுங்கி, பிறகு தி சைனீஸ் ரூம் என்ற ஸ்டூடியோவிடம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் வந்தது. முதல் பாகத்தைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் திருப்தியாகப் பேசுகிறார்கள்? பிடித்து இழுப்பவனுக்கும் எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

குழித்துறை பயணி

இரண்டு பேரும் பணம் போட்டவரையும் தலைமையில் இருந்தவரையும் பற்றியே பேசுகிறீர்கள். கூட வேலை செய்தவர்களை ஒரு வரியில் கூடச் சொல்லவில்லை.

நான் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் கேம்களுக்குப் பின்னணிக் காட்சி வரைகிறேன். காலையில் குழித்துறையில் ரயில் ஏறினால் இரவுதான் வீடு. இதற்கு முன்னால் இருந்த ஒரு கம்பெனியில் மூன்று வருடம் ஒரே கேமில் வேலை செய்தேன். ஒரு திங்கள்கிழமை எல்லாரையும் ஒரு அறைக்குக் கூப்பிட்டு, நிறுத்திவிட்டோம் என்றார்கள். அவ்வளவுதான்.

//சொந்தப் பணம்// என்று அண்ணன் எழுதியிருக்கிறார். பணம் சொந்தமாக இருக்கலாம். நேரம் சொந்தம் இல்லையே. 2003இல் கூட ட்யூக் அணியில் 18 பேர்தான் இருந்தார்கள். பெரிய ஸ்டூடியோக்கள் 50, 100 என்று ஆள் வைக்கத் தொடங்கிய காலம் அது. கேம் வந்ததும் லாபத்தில் பங்கு உண்டு என்ற நம்பிக்கையில் பலர் வெளிச்சந்தையை விடக் குறைந்த சம்பளத்துக்கு இருந்தார்கள். கேம் வராவிட்டால் பங்கு எங்கே? 2006இல் கொத்தாகக் கிளம்பினார்கள். அவர்கள் அடுத்த வேலைக்குப் போய் நின்றபோது, இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு டிரெய்லர்தான் இருந்திருக்கும். வெளிவராத கேமில் பெயர்ப் பட்டியல் ஓடாது.

என்னை மிகவும் பாதித்தது 2009க்குப் பிறகு நடந்தது. கலைக்கப்பட்ட அணியில் சிலர், வேலை போன பிறகும், வீட்டில் இருந்தே அதைத் தொடர்ந்தார்கள். ட்ரிப்டிக் கேம்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கியர்பாக்ஸ் கைக்குப் போனபோது அதில் ஏதோ ஒரு உருவம் இருந்தது என்றால் அதற்கு அவர்களும் காரணம். அந்தப் பிடிவாதம் எனக்குப் புரிகிறது.

தோவாளை பிச்சிப்பூ

அக்கா எழுதியதைப் படித்த பிறகு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. ஆனாலும் ஒரு விஷயம். தாமதம் தவறே இல்லை, சீக்கிரமாக அறிவித்ததுதான் தவறு என்பது என் எண்ணம். மெட்ராய்ட் பிரைம் 4 கேமை 2017இல் வெறும் பெயர்ப் பலகையைக் காட்டித்தான் அறிவித்தார்கள். ஆனால் 2019 ஜனவரியில் நிண்டெண்டோ தானாகவே முன்வந்து, நினைத்த தரத்தில் இல்லை, ரெட்ரோ ஸ்டூடியோஸோடு முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று சொல்லிவிட்டது. 2025 டிசம்பரில் வந்தது. உண்மையைச் சொன்னதால் ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அப்புறம், நம் ஊரிலேயே இருக்கிறதே. திருவள்ளுவர் சிலைக்கு 1979இல் அடிக்கல் நாட்டினார்கள். திறந்தது 2000 ஜனவரி 1. இருபது வருடத்துக்கு மேல். இன்றைக்குப் படகில் போய்ப் பார்க்கிற யாராவது ஏன் தாமதம் என்று கேட்கிறார்களா?

குளச்சல்காரன்

தோவாளை மக்கா, நீ சொன்ன உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. 1979க்கும் 1990க்கும் நடுவில் வேலை தொடங்கவே இல்லை. 1990இல் கல்லைத் தொட்ட பிறகு பத்து வருடத்துக்குள் முடிந்தது. அந்த வேலையில் அளவைக் குறளே கொடுத்துவிட்டது. 133 அதிகாரம், 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடி பீடம், மீதி 95 அடி சிலை. சிலையைச் செய்த கணபதி ஸ்தபதி நடுவில் இன்னொரு சிலையைப் பார்த்துவிட்டு வந்து 150 அடி ஆக்குவோம் என்று சொல்லியிருந்தால் பீடத்தையே பெயர்த்திருக்க வேண்டும். பாறையில் கல் ஏற்றுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மென்பொருளில் அழிப்பது சுலபம் என்பதால்தான் புரூசார்டுக்குக் கை நிற்கவில்லை.

ஒழுகினசேரி 96

இரவு முழுக்க இதையே யோசித்தேன். தம்பி சொன்ன கடைசி வரியில் உண்மை இருக்கிறது. முன்பு பணத்தை மட்டும் வைத்து எழுதிவிட்டேன். நடுவில் நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை என்பதும், அழிப்பதற்குச் செலவு தெரியவில்லை என்பதும் சேர்ந்துதான் கெடுத்திருக்கிறது. ஆனால் கடிவாளம் வேண்டும் என்பதை நான் விடமாட்டேன்.

2022 மே மாதம் அந்த 2001 வடிவமே இணையத்தில் கசிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விளையாடியவர்களின் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். அந்த சி.டி.யில் நான் பார்த்த இடங்கள் நிஜமாகவே இருந்தன. அதுவரை, டிரெய்லருக்காக மட்டும் ஜோடித்தார்களோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. முழு கேம் இல்லை, ஆள் நடமாட்டம் குறைந்த சோதனை லெவல்கள்தான் என்று புரூசார்டு சொன்னார். இருக்கட்டும். 2001இல் இவ்வளவு இருந்திருக்கிறது. ஒருவர் மேசையைத் தட்டி, இதை இரண்டு வருடத்தில் முடி, பனியும் வேண்டாம், வேறு என்ஜினும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் 2003இல் அது என் கைக்கு வந்திருக்கும். அந்த 18 பேரின் பெயரும் ஓடியிருக்கும்.

குளச்சல்காரன்

அந்த ஒருவர் புரூசார்டாகவே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம் அண்ணே. வெளியிலிருந்து தட்டினால் மேசைதான் உடையும். சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

குழித்துறை அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அந்த மூன்று வருட வேலையில் ஏதாவது உங்கள் கையில் இருக்கிறதா?

குழித்துறை பயணி

இல்லை. வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம், கோப்புகளும் அவர்களிடம்தான்.

ஒரு வாழைத்தோட்டம் வரைந்தேன். மழை விட்ட நேரம். கதையில் எந்த ஊர் என்று சொல்லவில்லை, அதனால் எங்கள் வீட்டுப் பின்புறத்தையே வைத்தேன். ஓரத்தில் ஒரு மட்டிக் குலை, அடிச்சீப்பில் இரண்டு காய் மட்டும் பழுத்து, ஒன்றை அணில் கொறித்திருக்கும். அந்த அணில் பல்லுக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். அணியில் இருந்த பதினோரு பேரைத் தவிர அதை யாரும் பார்த்ததில்லை.