முறுக்குவிசை ‘மாற்றி’யா, ‘பெருக்கி’யா?

அண்ணா, வணக்கம்.

ஆட்டோமேட்டிக் காரில் இஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் பெட்டிதான் டார்க் கன்வெர்ட்டர். மாணவர்களுக்கான கலைச்சொல்லாக அதற்கு நீங்கள் சொன்ன ‘முறுக்குவிசை மாற்றி’ எனக்கு ஒட்டவில்லை. முறுக்கு என்றதும் சேலத்துக்காரனுக்கு முறுக்கு செட் நினைப்பு வருவது வேறு விஷயம். சிக்கல் ‘மாற்றி’யில்தான். மின்மாற்றி மின்னழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். டார்க் கன்வெர்ட்டரோ முறுக்குவிசையை, அதாவது தண்டைச் சுழற்றும் விசையை, கூட்டும், இல்லாவிட்டால் உள்ளதை அப்படியே கடத்தும்.

போன வாரம் ஆட்டோமேட்டிக் காரில் ஏற்காடு போனேன். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டி ஊர்கிறது, இஞ்சின் உறுமுகிறது. இந்தப் பெட்டிக்கு அப்போதுதான் வேலை. இஞ்சினோடு சுற்றும் பம்ப் சக்கரம் எண்ணெயை வீச, அது கியர்ப்பெட்டித் தண்டில் உள்ள சுழலியை (டர்பைன்) தள்ளுகிறது. தள்ளிவிட்டு வரும் எண்ணெய் எதிர்த்திசையில் சுழன்று வரும். அப்படியே விட்டால் பம்புக்கே முட்டுக்கட்டை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஸ்டேட்டர் என்ற சக்கரம் அதை வளைத்து, பம்ப் சுற்றும் திசைக்கே அனுப்புகிறது. இஞ்சினின் முறுக்குவிசை 2 மடங்காக, சில வண்டிகளில் 2.5 மடங்காகக்கூடக் கிடைப்பது இதனால்தான். சும்மா வருவதில்லை: சுழலியின் வேகம் குறையும், எண்ணெய் சூடாகும்.

ஆகவே ‘முறுக்குவிசைப் பெருக்கி’. ஓமலூர் சாலையில் சீராக ஓட்டும்போது இது எதையும் பெருக்குவதில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் பெருக்கவே தெரியாத பெட்டிக்குப் ‘பாய்ம இணைப்பி’ (ஃப்ளூயிட் கப்ளிங்) என்ற பெயர் போதும். அதில் ஸ்டேட்டர் கிடையாது. அப்புறம், ஸ்டேட்டரை ‘நிலையி’ என்பதும் தவறு. வேகம் கூடியதும் அதுவும் சேர்ந்து சுற்றும். ‘திருப்பி’ எனலாமா?

*

தம்பி,

‘பெருக்கி’ சரி, ஒத்துக்கொள்கிறேன். ‘மாற்றி’ ஜெர்மன் பெயரிலேயே இருக்கிறது. ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை கேட்டது கப்பலுக்காக. நீராவிச் சுழலி வேகமாகச் சுற்றும், கப்பலின் விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். அங்கே ‘மாற்றி’ பொருந்தியது. காருக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

‘திருப்பி’ மட்டும் வேண்டாம். “திருப்பி எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது” என்று எழுதினால் மாணவன் நம்மைத்தான் திட்டுவான். ‘திசைதிருப்பி’ என்று வையுங்கள்.

சீரான ஓட்டத்தில் பம்பையும் சுழலியையும் ஒன்றாகப் பிடிக்கும் லாக்-அப் கிளட்சை விட்டுவிட்டீர்களே? ‘பூட்டுப்பிடி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.