ஜேமி ஆலிவர்: என் மகன் தட்டுக்கும் என் கணவர் கிச்சனுக்கும் வந்து சேர்ந்த வேலை

பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவரை டிவியில் பார்த்ததையும் அவர் கடையில் சாப்பிட்டதையும் இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள், எல்லாவற்றையும் படித்தேன். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் செய்த ஒரு வேலை என் மகன் சாப்பிடும் தட்டுவரை வந்தது, இன்னொன்று என் கணவர் வேலை பார்த்த கிச்சனுக்கு வந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

2005-ல் நாங்கள் லண்டனில் பிளம்ஸ்டெட்டில் இருந்தோம், கிரீனிச் வட்டாரம். மகன் தொடக்கப் பள்ளியில், மதியச் சாப்பாடும் பள்ளியிலேயே. இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பெரும்பாலும் சிப்ஸ் என்பான், அதோடு சுருள் சுருளாக ஏதோ ஒன்று என்பான். அந்தச் சுருள்தான் டர்க்கி ட்விஸ்லர். வான்கோழி என்று பெயர், ஆனால் அதில் இறைச்சி மூன்றில் ஒரு பங்குதான். அந்த வருடம் சேனல் 4-ல் ஜேமியின் பள்ளிச் சாப்பாட்டுத் தொடர் வந்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது. எங்கள் வட்டாரத்திலேயே இருந்த கிட்புரூக் பள்ளி கிச்சனில் அவர் போய் நின்றார். அங்கே சமையலுக்குப் பொறுப்பாக இருந்தவர் நோரா சாண்ட்ஸ், அவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பொருள் வாங்க 37 பென்ஸ் என்று அந்தத் தொடரில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பணக்கார நாட்டின் தலைநகரத்தில் இந்தக் கணக்கு!

நான் திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் படித்தவள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது சின்ன வகுப்பு. சோறும் சாம்பாரும்தான், ஆனால் எங்கள் கண்ணெதிரே அடுப்பு எரியும், அரிசி வேகும், ஆயா கையால் போடுவார். லண்டனில் பல பள்ளிகளில் சமையல் என்பதே உறைந்த பொட்டலத்தைப் பிரித்து ஓவனில் சூடாக்குவது என்று ஆகிவிட்டிருந்தது. அங்கே வேலை செய்த அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கொடுத்த காசுக்கும் கொடுத்த நேரத்துக்கும் அவர்களால் அதுதான் முடிந்தது. ஜேமி வந்த பிறகு காய்கறி நறுக்கவும் மாவு பிசையவும் அவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், அந்த நேரத்துக்கெல்லாம் சம்பளம் தரப்படவில்லை என்ற பேச்சு தொடரிலேயே வந்தது. அந்தத் தொடரில் என்னை மிகவும் தொட்ட இடம் அதுதான்.

கிட்புரூக்கில் தொடங்கியது கிரீனிச் வட்டாரப் பள்ளிகள் முழுக்கப் பரவியபோது எங்கள் மகனின் பள்ளியிலும் மெனு மாறியது. அவனுக்கு முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பசியோடு வீட்டுக்கு வந்து தயிர்சாதம் கேட்பான். வாசலில் நிற்கும் மற்ற அம்மாக்களும் இதையேதான் புலம்பினார்கள். அப்புறம் மெதுவாகப் பழகிக்கொண்டான், பாஸ்தாவில் என்ன காய் இருந்தது என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். வடக்கே ராமார்ஷ் என்ற ஊரில் 2006-ல் சில அம்மாக்கள் பள்ளி வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்கு பர்கரும் சிப்ஸும் கொடுத்தார்கள். நாடே அவர்களைத் திட்டியது. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. பிள்ளை பட்டினியோடு திரும்புவதைப் பார்த்த தாய்க்கு அது தெரியும்.

2005 மார்ச்சில் பள்ளிச் சாப்பாட்டைச் சரிசெய்யச் சொல்லி 2.7 லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு பிரதமர் இருக்கும் டவுனிங் தெருவுக்கு மனு போனது. அரசு 280 மில்லியன் பவுண்ட் ஒதுக்குவதாக அறிவித்தது. பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் கிரீனிச் பள்ளிகளைப் பக்கத்து வட்டாரப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலத்திலும் அறிவியலிலும் தேர்ச்சி கூடியிருந்தது, பெரும்பாலும் உடம்பு சரியில்லாமல் எடுக்கும் விடுப்பு சுமார் 14 சதவீதம் குறைந்திருந்தது. டிவிக்காகத்தானே செய்தார் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அடுத்தது என் கணவர் பக்கத்துக் கதை. அவர் தஞ்சாவூரில் கேட்டரிங் படித்துவிட்டு லண்டன் வந்து ஓர் இத்தாலிய உணவகத்தில் கமி செஃப்பாக, அதாவது இளநிலைச் சமையல்காரராக இருந்தார். அங்கே ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான், ஜேமியின் ஃபிஃப்டீனில் பயிற்சி முடித்தவன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2002-ல் வேலையில்லாத இளைஞர்கள் 15 பேரைத் தேர்ந்தெடுத்து, கிழக்கு லண்டனில் ஓல்டு ஸ்ட்ரீட் பக்கம் ஃபிஃப்டீன் என்று ஒரு உணவகம் திறந்து, அதிலேயே அவர்களைச் சமையல்காரர்களாக்கப் பார்த்தார் ஜேமி. அதுவும் டிவி தொடராக வந்தது. எல்லாரும் தாக்குப்பிடிக்கவில்லை, பாதியில் போனவர்களும் உண்டு. ஆனால் அதோடு நிறுத்தாமல் வருடா வருடம் புதிய அணி எடுத்தார்கள்.

அந்தப் பையனைப் பற்றி என் கணவர் இன்றும் பேசுவார். பாத்திரத்தில் எதைப் போடுவதற்கு முன்னாலும் வாயில் போட்டுப் பார்ப்பான், மீன் வந்தால் எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது என்று கேட்பான். பண்ணைகளுக்கும் பொருள் விளையும் இடங்களுக்கும் பயிற்சியின்போதே கூட்டிப் போயிருந்தார்களாம். "வேகமா வெட்டுறவன் ஆயிரம் பேர் கிடைப்பான், ருசி பார்க்கக் கத்துக்கிட்டு வர்றவன்தான் கிடைக்க மாட்டான்" என்பார். சமையல்காரன் ஒருவன் இன்னொரு சமையல்காரனுக்குக் கொடுக்கும் இந்தப் பாராட்டு எனக்கு எந்த விருதைவிடவும் பெரிது.

இந்தக் கற்றுக்கொடுக்கும் குணம் ஜேமியிடம் முதலிலிருந்தே இருந்தது. எசெக்ஸில் கிளேவரிங் என்ற கிராமத்தில் அப்பா நடத்திய பப்பின் கிச்சனில் வளர்ந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டு கேட்டரிங் படித்து, லண்டனில் ஜெனாரோ கோன்டால்டோ என்ற இத்தாலியச் சமையல்காரரிடம் பழகி, ரிவர் கஃபே என்ற உணவகத்தில் வேலை செய்தவர். அங்கே ஒரு டாக்குமென்டரி எடுக்க வந்த கேமராவில் தற்செயலாக மாட்டினார், 1999-ல் பிபிசியில் சொந்த நிகழ்ச்சி. வெள்ளை கோட்டு கிடையாது, தராசு கிடையாது, ஒரு கைப்பிடி இது, ஒரு சுற்று எண்ணெய் என்று கண்ணளவில் போடுவார். கைப்பக்குவத்தில் சமைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அவரோடு உடனே ஒட்டிக்கொண்டது.

பல ஊர்களில் கிளை வைத்திருந்த அவருடைய உணவகம் ஜேமிஸ் இட்டாலியன் பற்றி இங்கே நிறைய விவாதம் ஓடியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பித்தது. கிரீனிச் கிளையில் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். தக்காளி டின்கள் மேல் பலகையை வைத்து அதில் வகைவகையாகப் பரப்பிக் கொண்டுவருவார்கள், மகனுக்கு அது திருவிழா. எங்களால் கட்டக்கூடிய விலையில் அன்றன்று செய்த பாஸ்தா. 2018-ல் மூடிய 12 கடைகளில் கிரீனிச்சும் ஒன்று. 2019 மே மாதம் மிச்சமிருந்த 25-ல் 22 ஒரே நாளில் மூடின. ஆயிரம் பேருக்கு மேல் வேலை போனது. ஃபிஃப்டீன் லண்டனும் அதில் போனது. அன்று என் கணவர் அந்தப் பையனை நினைத்து வருத்தப்பட்டார்.

தன் கைக்காசில் 12.7 மில்லியன் பவுண்டை 2017-ல் போட்டும் ஜேமியால் காப்பாற்ற முடியவில்லை. வாடகை, வரி, பொருள் விலை என்று காரணங்கள் சொன்னார்கள், எல்லாம் உண்மைதான். ஆனாலும் வேக வேகமாகக் கிளைகளைப் பெருக்கியதுதான் அடிப்படைத் தவறு என்று நினைக்கிறேன். ஒரு கிச்சனில் நின்று 15 பேருக்குக் கற்றுக்கொடுக்கலாம். நாற்பது கடைகளில் ஒருவரால் நிற்க முடியாது. கடனும் வேலையிழப்பும் சாதாரண விஷயமில்லை, அதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்காகப் பள்ளியில் செய்ததையும் ஃபிஃப்டீனில் செய்ததையும் சேர்த்துக் குப்பையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023-ல் கோவென்ட் கார்டனில் கேத்தரின் தெருவில் மறுபடி ஒரு உணவகம் திறந்திருக்கிறார். நாங்கள் இன்னும் போகவில்லை, போனவர்கள் எழுதுங்கள். கார்ன்வாலில் வாட்டர்கேட் பே கடற்கரையில் இருந்த இன்னொரு ஃபிஃப்டீனில் சாப்பிட்டவர்கள், பயிற்சி எடுத்தவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது எந்தக் கிச்சனில் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.